வரிசை உருவாகும் முன் முறை வகுப்போம்

2022 ஜூலை 29 அன்று, நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த கொல்லயில் ஊராட்சியில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் 'கிராமவண்டி' புறப்பட்டது. பேருந்தும் ஊழியர் ஊதியமும் பராமரிப்பும் கழகத்தின் பொறுப்பு. டீசல் செலவு உள்ளாட்சியின் பொறுப்பு. எந்தத் தடத்தில் பேருந்து ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிலும் உள்ளாட்சிக்கே முதன்மை. பொதுப் போக்குவரத்து எட்டாத உள்ளூர்ச் சாலைகளுக்குப் பேருந்தைக் கொண்டுசெல்லும் திட்டம் என்று இது வரவேற்கப்பட்டது. அது சரியே. ஆனால் இத்திட்டம் உணர்த்தும் மற்றோர் உண்மை போதிய கவனம் பெறவில்லை. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால், அந்தச் சுமை இனி ஓர் ஊராட்சியின் கணக்கேட்டில் நேரடியாக வந்து விழும்.

நம் நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதியைச் சார்ந்தது. சமையல் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அதன் பெரும்பகுதி ஹார்முஸ் நீரிணையைக் கடந்து வருவது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரான் மீது குண்டு வீசியபோது, அந்த நீரிணையை மூடும் முடிவுக்கு ஈரான் நாடாளுமன்றம் ஆதரவு தெரிவித்தது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் உள்ள நிலத்தடிச் சேமிப்பகங்களின் மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். அவை முழுவதும் நிரம்பியிருந்தாலும் நாட்டின் தேவைக்கு ஏறத்தாழ ஒன்பதரை நாள்தான் தாங்கும். எண்ணெய் நிறுவனங்களின் கையிருப்பைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அது மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்கு அல்ல.

தட்டுப்பாடு இயற்கையின் சீற்றமாக மட்டும் வருவதில்லை, கொள்கையாகவும் வருகிறது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையும் 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2022 மார்ச்சில், மொத்தமாக வாங்குவோருக்கான டீசல் விலை லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் உயர்த்தப்பட்டது. விளைவு என்ன? நூறு பேரைச் சுமக்கும் அரசுப் பேருந்துக்கு அதிக விலை. ஒருவர் ஏறிச் செல்லும் காருக்குக் குறைந்த விலை. போக்குவரத்துக் கழகம் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. எரிபொருள் மீது ஒன்றிய அரசு விதிக்கும் வரியில் பெரும்பங்கு செஸ் என்றும் சிறப்புத் தீர்வை என்றும் பெயர் சூட்டப்படுவதால், மாநிலங்களுடன் பகிர வேண்டிய தொகுப்பில் அது சேர்வதே இல்லை.

எல்லைக் கிராமத்து மக்களுக்கு விலை வேறுபாடு புதிதல்ல. தமிழ்நாட்டில் எரிபொருள் விலை குறைவு என்பதால், பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் சென்று வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பி வருவது இங்கு வழக்கம். விலை ஏற்றத்துக்கு இந்த வழி உதவலாம், தட்டுப்பாட்டுக்கு உதவாது. எண்ணெய் அருகும் நாளில் எல்லையின் இருபுறமும் பங்குகளில் 'இருப்பு இல்லை' என்ற பலகையே தொங்கும். அப்போது பணமும் வாகனமும் உள்ளவர் தொலைவு சென்றேனும் வாங்கிவிடுவார். பால்வெட்டுத் தொழிலாளியும், பொழியூர்க் கடற்கரையில் மண்ணெண்ணெய் எஞ்சினை நம்பி வள்ளம் இறக்கும் மீனவரும், டயாலிசிஸ் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் செல்லும் நோயாளியும் என்ன செய்வார்கள்? பங்கீட்டைச் சந்தையிடம் விட்டுவிடுவதும் ஒரு பங்கீட்டு முறைதான். ஆனால் அது வர்க்கம் பார்த்துப் பங்கிடும் முறை.

இலங்கையின் அனுபவம் நம் கண்முன் உள்ளது. அந்நியச் செலாவணி வற்றிய 2022ஆம் ஆண்டில் அங்கு எரிபொருள் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டன. வரிசையில் காத்திருந்தே உயிர்விட்டோர் உண்டு. வடபகுதித் தமிழ் மீனவர்களின் படகுகள் மண்ணெண்ணெய் இன்றிக் கரையில் கிடந்தன. ஜூன் 27 அன்று, அத்தியாவசியப் பணிகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. வாகனப் பதிவு அடிப்படையிலான பங்கீட்டு அட்டை ஜூலையில்தான் வந்தது. முறை வகுக்கப்பட்டது, ஆனால் மக்கள் மாதக்கணக்கில் வதைபட்ட பிறகே வகுக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் வீழ்ந்தபின் எண்ணெய் வரத்து ஒடுங்கிய கியூபாவோ, மிதிவண்டிகளைப் பரவலாக்கியும் நகரின் வெற்று மனைகளில் காய்கறி பயிரிட்டும், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கைவிடாமல் காத்தது.

ஊராட்சிக்கு எண்ணெய்க் கிணறு இல்லையே, அது என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இருக்கும் எண்ணெய் யாருக்கு முதலில் என்று தீர்மானிக்கத் தேவையான விவரம் ஊராட்சியிடமே இருக்கிறது. வீடு தேடிச் செல்லும் நோய்த்தணிப்புச் சிகிச்சை வாகனம் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறது, எந்தக் குடிநீர் நீரேற்று நிலையம் மின்வெட்டின்போது டீசல் இயந்திரத்தை நம்பியுள்ளது, எந்தப் பள்ளியின் மதிய உணவு எரிவாயு உருளையில் வேகிறது, எத்தனை வள்ளங்களுக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் வேண்டும் என்பதெல்லாம் உள்ளூரில்தான் தெரியும். இவற்றைத் தொகுத்து ஒரு முன்னுரிமைப் பட்டியலை உருவாக்குவதே முதல் பணி.

தேவையைக் குறைப்பது இரண்டாவது பணி. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் மின்கலச் சேமிப்புடன் கூடிய சூரிய மின் அமைப்பு வேண்டும். பள்ளிச் சமையற்கூடங்களுக்குச் சாண எரிவாயுவும் மின் அடுப்பும் துணையாக வேண்டும். நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை நிலையங்கள் வழியே மின்மயமான ரயில் பாதை செல்கிறது. கிராமவண்டிகளின் நேரத்தை ரயில் நேரத்தோடு இணைத்தால், அதே டீசலில் மேலும் பலர் பயணம் செய்யலாம். களியக்காவிளை உள்ளிட்ட தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுடன் ஆம்புலன்சு, பேருந்து குறித்த உடன்பாட்டை இப்போதே பேசி வைப்பது நன்று. 1956இல் வரைந்த எல்லைக்கோடு நோயாளியைத் தடுக்கலாகாது.

மூன்றாவதாக, மொழி. சிறுபான்மைத் தமிழர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அளித்துள்ளது. நெருக்கடி நாளில் பங்கீட்டு அறிவிப்பு மலையாளத்தில் மட்டும் ஒட்டப்பட்டால், அதைப் படிக்க இயலாத தமிழ் மூதாட்டி வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார். எனவே பட்டியலும் அறிவிப்பும் தமிழிலும் வெளிவர வேண்டும்.

இவை எதுவும் ஒன்றிய அரசின் பொறுப்பைக் குறைப்பதில்லை. மீனவருக்கான மண்ணெண்ணெய் ஒதுக்கீட்டை உயர்த்தவும், பொதுப் போக்குவரத்துக்கு நியாய விலையில் டீசல் வழங்கவும், எண்ணெய் வரியை மாநிலங்களுடன் பகிரவும் போராட்டம் தொடர வேண்டும். ஆனால் கோரிக்கை வெல்லும்வரை கைகட்டி நிற்பது இடதுசாரி மரபல்ல. 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்த மண் இது.

கேரள ஊராட்சிச் சட்டப்படி ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கிராம சபை கூட வேண்டும். வரும் கிராம சபைகளில் இந்த முன்னுரிமைப் பட்டியலை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கத் தோழர்கள் முன்முயற்சி எடுக்க வேண்டும். மீனவரையும் ஆஷா ஊழியரையும் பேருந்துத் தொழிலாளியையும் குடும்பஸ்ரீ சகோதரிகளையும் அழைத்துப் பேசச் செய்ய வேண்டும். தட்டுப்பாடு வந்தபின் வகுக்கும் முறையில் வலியவன் குரலே ஓங்கும். வருமுன் சபையில் வகுக்கும் முறையில்தான் எளியவனுக்கும் இடம் இருக்கும்.