தொட்டிலில் ஒரு கிழவர்

பிறந்து பத்து நாளான குழந்தையைப் பார்த்து, "கிழவரே!" என்று யாராவது கூப்பிடுவார்களா? ஸிஸிலித் தீவில் கூப்பிடுகிறார்கள், வாசகர்களே!

அங்கே ஆண் பிள்ளைகளுக்குக் கலோஜெரோ என்று ஒரு பெயர் உண்டு. இத்தாலியில் எங்கே இந்தப் பெயர் காதில் விழுந்தாலும், ஆசாமி ஸிஸிலிக்காரர் என்று ஊகித்துவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், இது இத்தாலியச் சொல்லே அல்ல, கிரேக்கம். 'கலோஸ்' என்றால் நல்ல, அழகான; 'கெரோன்' என்றால் கிழவர். வயது முதிர்ந்த துறவிகளை மரியாதையாகக் 'கலோகெரோஸ்' என்று அழைக்கப்போய், துறவிக்கே அது பெயராகிவிட்டது. கிரேக்க நாட்டில் இன்றைக்கும் அதுதான் அர்த்தம்.

ஸிஸிலியில் கிரேக்கர்கள் குடியேறியது கி.மு. எட்டாம் நூற்றாண்டில். 827-ல் அராபியர் படையெடுத்து வந்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் நார்மானியர் வந்தார்கள். நாளடைவில் கிரேக்க பாஷை அங்கே மங்கி மறைந்தது. இந்தப் பெயர் மட்டும் எப்படித் தப்பியது?

ஒரு மகானால்தான். ஷாக்கா என்ற ஊருக்கு அருகே ஒரு மலை. அதன் குகைகளில் பூமிக்குள்ளிருந்து வெந்நீராவி கிளம்புகிறது. அங்கே தவமிருந்து நோயாளிகளைக் குணப்படுத்தினார் என்று கலோஜெரோ மகானைப் பற்றிச் சொல்கிறார்கள். 'துறவி' என்ற பட்டமே பெயராக நின்றுவிட்டது, பாருங்கள்! கொள்ளை நோய்க் காலத்தில் அவர் ஏழைகளுக்காக ரொட்டி கேட்டு வந்தாராம். ஜனங்கள் கிட்டே வரப் பயந்து ஜன்னல் வழியே எறிந்தார்களாம். அந்த ஞாபகமாக, அக்ரிஜென்டோ நகரில் ஜூலை மாதத் திருவிழாவின்போது, கறுத்த முகமும் வெண்தாடியுமாக வரும் அவர் சிலைமீது ரொட்டி எறிவது பரம்பரை வழக்கம்.

பட்டிக்காட்டு ஸிஸிலியர் வாயில் பெயர் 'கலோயிரு' என்றும் வரும். படிக்காதவர் கொச்சை என்று எண்ணிவிடாதீர்கள்! பிற்காலக் கிரேக்கரே 'கலோயெரோஸ்' என்றுதான் உச்சரித்தார்கள். ஏட்டை விடக் காது நேர்மையாக இருந்திருக்கிறது.

மூத்த பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்பது அந்தத் தீவின் சம்பிரதாயம். ஆகவே, தொட்டிலில் கிடப்பவர் நிஜமாகவே ஒரு கிழவரின் பெயரைச் சுமப்பவர்தான். கொஞ்சும்போது மட்டும் 'லில்லோ'!

அமெரிக்காவுக்குக் கப்பலேறிய கலோஜெரோக்கள் பலர், அங்கே வாயில் நுழையாத பெயரை விட்டுவிட்டுச் சார்லஸ் ஆனார்கள். நியூயார்க்கில் 1952-ல் பிறந்த நடிகர் சாஸ் பால்மின்டெரியின் இயற்பெயரும் கலோஜெரோதான். அவர் கதையெழுதி 1993-ல் வெளியான 'எ பிராங்ஸ் டேல்' படத்தில் வரும் சிறுவனுக்கும் அதே பெயர். ஆனால் பேட்டைப் பெரிய மனிதர் அவனை அப்படிக் கூப்பிடுவதில்லை. 'சி' என்று ஒரே எழுத்தோடு முடித்துக்கொள்கிறார்!