பிரேக்கரைப் பராமரிக்கும் தொழிலாளிக்கு யார் பாதுகாப்பு?
இரு அமைச்சகங்களுக்கு இடையே சிக்கிய மின் பாதுகாப்பு

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: தொழிற்சாலையில் மின்கோளாறு ஏற்படும்போது மின்னோட்டத்தை நொடிப்பொழுதில் துண்டித்து, உயிரையும் உடைமையையும் காக்க வேண்டிய சாதனம் சர்க்யூட் பிரேக்கர். அந்தச் சாதனத்தைத் திறந்து பராமரிக்கும் தொழிலாளியைக் காப்பது யார்? விதிகள் இல்லாமல் இல்லை. அவை பணியிடத்தில் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் குழப்பம் நீடிக்கிறது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டமும் இக்குழப்பத்தைத் தீர்க்கவில்லை.

ஸ்ரீசைலம் தந்த எச்சரிக்கை

2020 ஆகஸ்ட் 20 இரவு, தெலங்கானாவில் உள்ள ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி நீர்மின் நிலையத்தில் தீப்பிடித்தது. தலா 150 மெகாவாட் திறன் கொண்ட 6 இயந்திரங்கள் இயங்கிய அந்நிலையத்தில், பொறியாளர்கள் உள்ளிட்ட 9 பேர் வெளியேற வழியின்றி உயிரிழந்தனர். அப்போது அங்கே பேட்டரி மாற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. இறந்தவர்களில் இருவர் அப்பணிக்காக வந்த பேட்டரி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்.

பேட்டரிக்கும் பிரேக்கருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெரிய பிரேக்கர்கள் தாமாகவே துண்டித்துக் கொள்வதில்லை. கோளாறைக் கண்டறியும் ரிலே ஆணையிட, பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்சாரம் டிரிப் காயிலை இயக்கினால்தான் பிரேக்கர் திறக்கும். அந்த நேர்மின்சாரம் இல்லாவிடில், எத்தனை விலையுயர்ந்த பிரேக்கரும் வெறும் இரும்புப் பெட்டியே. நேர்மின்சாரம் தடைப்பட்டதால் பாதுகாப்பு அமைப்புகள் உரிய நேரத்தில் செயல்படவில்லை என்றே அப்போது கூறப்பட்டது. நிலையத்தை நிறுத்தாமல் இப்பணியை மேற்கொண்டது ஏன் என்ற கேள்வியும் எழுந்தது.

அந்த விபத்து நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 19-ல் பணிப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் அறிமுகமானது. 22-ம் தேதி அந்த அவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், மூன்று தொழிலாளர் மசோதாக்கள் ஒரே மூச்சில் சட்டமாயின. ஸ்ரீசைலம் எழுப்பிய கேள்விகளை விரிவாக விவாதிக்கும் வாய்ப்பை நாடாளுமன்றம் அன்று இழந்தது.

பணிக்கு முன் ஏழு படிகள்

பிரேக்கர் பராமரிப்பில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது துறையினர் அறியாதது அல்ல. பிரேக்கரை 'ஆஃப்' செய்தல், பேனலிலிருந்து வெளியே இழுத்துத் தனிமைப்படுத்துதல், பூட்டுப் போட்டு எச்சரிக்கை அட்டை தொங்கவிடுதல், கட்டுப்பாட்டு மின்சாரத்தின் பியூஸைக் கழற்றுதல், மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்தல், எர்த் செய்தல், பிரேக்கரின் ஸ்பிரிங்கில் தேங்கியுள்ள விசையை விடுவித்தல் ஆகிய ஏழும் முடிந்த பின்னரே கை வைக்க வேண்டும். தமிழக மின்வாரிய ஊழியர்கள் 'லைன் கிளியர்' என்று குறிப்பிடும் அனுமதி முறையின் உட்பொருளும் இதுவே.

இவற்றில் ஒன்று தவறினாலும் ஆபத்துதான். பிரேக்கர் திறந்திருந்தாலும் ஜெனரேட்டர் போன்ற மாற்று வழிகளிலிருந்து மின்சாரம் திரும்பி வரக்கூடும். விசை நிறைந்த ஸ்பிரிங் எதிர்பாராமல் விடுபட்டால் விரல்களைத் துண்டித்துவிடும். பராமரிப்பையே தள்ளிப்போட்டால், ஆண்டுக்கணக்கில் இயக்கப்படாத பிரேக்கரில் மசகு இறுகி, தேவைப்படும் வேளையில் அது திறக்காமல் போகலாம்.

பிரேக்கர் உள்ளிட்ட சாதனங்களின் பராமரிப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 10118 என்ற வழிகாட்டியை வகுத்துள்ளது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், பணிக்கு முன் எர்த் செய்ய வேண்டும், பணியின்போது தற்செயலாகவோ கவனக்குறைவாலோ மீண்டும் மின்னேற்றம் நேராமல் தடுக்க வேண்டும் என்று கூறின. அவற்றுக்குப் பதிலாக 2023-ல் புதிய ஒழுங்குமுறைகள் வந்துள்ளன.

இரு ஆய்வாளர்கள்

சிக்கல் கண்காணிப்பில்தான். மின்சாரம், தொழிற்சாலை ஆகிய இரண்டுமே அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளன. மின் ஆய்வாளர், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 162-வது பிரிவின்படி நியமிக்கப்படுகிறார். பணியிடப் பாதுகாப்பைப் பார்ப்பவரோ தொழிலாளர் சட்டத்தின்கீழ் வருபவர். முன்னவர் மின் நிறுவலைப் பார்க்கிறார். பின்னவர் தொழிற்சாலையைப் பார்க்கிறார். பழுது பார்க்கும் வேளையில் பூட்டுப் போடப்பட்டதா என்பதைப் பார்க்க இருவருமே அங்கு இருப்பதில்லை.

இந்நிலையில் இரு தரப்பிலும் கட்டுப்பாடுகள் தளர்ந்து வருகின்றன. குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு உட்பட்ட நிறுவல்களில் உரிமையாளரே சுயசான்று அளிக்கலாம். புதிய தொகுப்புச் சட்டத்தில் ஆய்வாளர், 'ஆய்வாளர் மற்றும் ஒருங்கிணைப்பாளர்' ஆகிவிட்டார். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தைத் தொழிற்சாலையாகக் கருதுவதற்கான தொழிலாளர் எண்ணிக்கை 10-லிருந்து 20-ஆக உயர்ந்துள்ளது. பத்துப் பேர் பணியாற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் பொதுப் பிரிவுகளுக்கு உட்பட்டாலும், தொழிற்சாலைகளுக்கே உரிய கடமைகள் அவற்றுக்கு இல்லை.

ஆய்வாளர் தொல்லையால் சிறுதொழில்கள் நசிகின்றன என்ற தொழில்துறையின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. பாதுகாப்பு அதிகாரி நியமிப்பதற்கான வரம்பு 1,000 தொழிலாளர்களிலிருந்து 500-ஆகக் குறைக்கப்பட்டதும், உயிரிழப்புக்குக் காரணமான விதிமீறலுக்கான அபராதம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாது என்பதும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், இவற்றில் அபராதம் விபத்துக்குப் பின் வருவது. பாதுகாப்பு அதிகாரியோ பெரிய ஆலைகளில் மட்டுமே இருப்பார்.

தேவை ஒரு பூட்டு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2019-ல் நாட்டில் மின்சாரம் தாக்கி 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீடு, வயல், தொழிற்கூடம் அனைத்தும் இதில் அடக்கம். தொழிற்சாலை மற்றும் இயந்திர விபத்துகள் வேறு தலைப்பில் வருகின்றன. பராமரிப்புப் பணியின்போது இறந்தவர் எத்தனை பேர் என்பதை இக்கணக்கிலிருந்து அறிய வழியில்லை. எண்ணிக்கையே தெரியாத மரணங்களைப் பற்றி அவையில் கேள்வி எழுப்புவதும் எளிதல்ல.

எரிசக்தி, தொழிலாளர் ஆகிய இரு துறைகளின் நாடாளுமன்ற நிலைக்குழுக்களும் இதைக் கையில் எடுக்கலாம். பூட்டு, அனுமதிச் சீட்டு ஆகியவற்றை ஒப்பந்தத் தொழிலாளர் உள்ளிட்ட அனைவருக்கும் இரு சட்டங்களின் விதிகளும் ஒரே சொற்களில் கட்டாயமாக்க வேண்டும். பராமரிப்புப் பணியில் நேரும் மின் விபத்துகளை இரு ஆய்வாளர்களும் கூட்டாக விசாரித்து, ஆண்டுதோறும் அவையில் அறிக்கை வைக்க வேண்டும். பூட்டின் விலை சில நூறு ரூபாய். ஆலை அதிபர்கள் தயங்குவது அதற்காக அன்று. பூட்டுப் போட்டிருக்கும் நேரத்தில் நின்றுபோகும் உற்பத்திக்காகத்தான். அந்த நேரத்தைத் தொழிலாளிக்கு உறுதி செய்ய வேண்டியது சட்டத்தின் கடமை.