மன்னாரின் நீர்வழியை மறித்தவர் யார்?

ஐப்பசி கடந்து மாரி வலுத்ததும் மன்னார் நகரத்தில் ஆண்டுதோறும் ஒரே காட்சி அரங்கேறுகின்றது. எழுத்தூரிலும் சாந்திபுரத்திலும் ஜிம்றோன் நகரிலும் முற்றத்தில் நின்ற வெள்ளம் வாசற்படி ஏறுகின்றது. பாடசாலைகள் அகதி நிலையங்களாகின்றன. சமைத்த உணவுப் பொதிகளுடன் அதிகாரிகள் வருகின்றனர், படம் பிடிக்கப்படுகின்றது, நீர் வற்றுகின்றது, அனைவரும் மறந்துவிடுகின்றனர். தை பிறந்ததும் அதே தாழ்நிலத்தில் இன்னுமொரு வளவு கிரவல் கொட்டி உயர்த்தப்படுகின்றது. இதனை இயற்கையின் சீற்றம் என்று கூறி எத்தனை காலம் எம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளப் போகின்றோம்?

மன்னார்த் தீவு மணலால் ஆனது. அங்கே மலையில்லை, ஆறில்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. தீவின் கிணறுகளுக்கு உயிர் கொடுப்பது இப்படையே. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் ஆராய்வோரின் பொதுக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு உயரும் என்பதைப் படிப்பவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே வீடுகளுக்கிடையே கிடக்கும் தாழ்நிலங்களை வெற்றுக் காணிகள் என்று எண்ணுவது பெரும் பிழை. அவை மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வாயில்கள். அவற்றை நிரப்பினால் மாரியில் வெள்ளம், கோடையில் உவர்க்கிணறு. ஒரு செயலுக்கு இரண்டு தண்டனை.

இதனைக் கூறும்போது நாம் வீடு கட்டுவோருக்கு எதிரானவர்கள் என்று எவரும் கருதவேண்டாம். 1990இல் தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்கள் ஊர் ஊராகவும் கடல் கடந்தும் ஓடினர். 2009இல் போர் முடிந்து, 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டு, 2015இல் புகையிரதம் மீண்டும் தலைமன்னாரை அடைந்தபோது, மக்கள் திரும்பி வந்ததும் வீடு எழுப்பியதும் அவர்களது உரிமை. கூரையற்றவனிடம் சென்று சுற்றாடல் உபதேசம் செய்வது எமது நோக்கமன்று.

ஆனால் கட்டுவது வேறு. கட்டும் முறை வேறு. அயலவன் வளவிலும் ஓரடி உயர்த்தித் தன் வளவை நிரப்புகின்றான் ஒருவன். மறு ஆண்டு அயலவன் அவனிலும் ஓரடி உயர்த்துகின்றான். வீதியைப் போடுவோர் அவ்விருவரிலும் உயர்த்தி வீதியைப் போட்டு, மதகு வைக்க மறந்துவிடுகின்றனர். கடைத்தொகுதி கட்டுபவர் நீர் செல்ல ஒரு துவாரமும் விடாமல் மதில் எழுப்பி, முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடுகின்றார். இத்தனைக்கும் நடுவே, குடிக்கும் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே மணலில் அடுத்தடுத்து நிற்கின்றன. உயர்த்த வசதியற்ற ஏழையின் குடிசை ஒன்றுதான் பள்ளத்தில் எஞ்சுகின்றது. எல்லோருடைய நீரும் அவன் வீட்டுக்குள் புகுகின்றது.

சட்டம் இல்லையா? நிறைய உண்டு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றிக் கட்டலாகாது என்கின்றது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணல் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள வலயத்தில் அபிவிருத்தி வேலைக்கு அனுமதிப் பத்திரம் கேட்கின்றது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமோ, 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், விதிக்கப்பட்ட பெருந்திட்டங்களைத் தொடங்குமுன் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும் என்கின்றது.

ஓட்டை எங்கேயெனில், அளவில். 1993 ஜூன் மாத வர்த்தமானியின்படி ஈரநிலத்தை நிரப்புவதாயின் நான்கு ஹெக்டேயரைத் தாண்டினால்தான் பொதுவாக மதிப்பீடு வேண்டும். வீடுகளாயின் ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். காப்பு வலயங்களைத் தொட்டு அமையும் வேலைகளுக்குத் தனி விதி உண்டு என்பது உண்மையே. ஆயினும் நகரத்துக்குள் நடப்பது யாது? நான்கு ஹெக்டேயர் என்பது ஏறத்தாழப் பத்து ஏக்கர். பத்து ஏக்கருக்கு மேல் நிரப்பும் ஒருவன் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அரை ஏக்கராக நிரப்பும் இருபத்தைந்து பேரை அந்தச் சட்டம் கேட்பதில்லை. வெள்ளம் காணி உறுதியைப் பார்த்தா நிற்கின்றது? தீவின் நீர் ஒன்று. அனுமதியோ ஆயிரம் துண்டு. இந்தத் துண்டாடலே எமது குற்றச்சாட்டு.

பெருநிலத்து விவசாயிகள் இதனை நகரத்தார் பிரச்சினை என்று விட்டுவிடலாகாது. தீவு உயர உயர, எங்கோ ஓரிடம் பள்ளமாகத்தான் வேண்டும். கட்டடத்துக்கு வேண்டிய மணலும் கிரவலும் பெருநிலத்தின் ஆற்றிலும் காட்டிலும் குளத்தை அண்டிய நிலத்திலும் தோண்டப்படுகின்றன. ஆற்றுப்படுகை தாழ்ந்தால் கரைக் கிணறுகளும் தாழும். முருங்கன் பக்கத்து நிலத்தடி நீரே குழாய் வழியாகத் தீவுக்கு வருகின்றது. தீவின் கிணறுகள் உவர்ந்தால் அந்தக் குழாயின் தாகம் பெருகும். கட்டுக்கரைக்குளத்துக் கமக்காரனும் மன்னார் நகரத்து வழக்கறிஞனும் ஒரே நீரைப் பங்கிட்டு வாழ்பவர்கள்.

'டித்வா' போன்ற புயல் வந்தால் எந்த வடிகால் தாங்கும் என்று சிலர் கேட்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் அருவியாறு பெருகி வயல்களை விழுங்கியதை நாம் மறக்கவில்லை. புயலைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் புயல் விட்டுச்சென்ற நீர் இரண்டு நாளில் கடலைச் சேருமா, இரண்டு வாரம் அடுப்பங்கரையில் நிற்குமா என்பதை நாம் கட்டும் மதிலும் வீதியுமே தீர்மானிக்கின்றன. 2015 டிசெம்பரில் சென்னை மாநகர் மூழ்கியபோது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டடங்களுக்கு இரையாகியிருந்ததை உலகத் தமிழர் கண்டனர். அந்தப் பாடத்தை நாம் மீண்டும் விலை கொடுத்துக் கற்க வேண்டுமா?

இனி, கசப்பான ஓர் உண்மையையும் கூறியாக வேண்டும். தீவின் தென்கரையில் முப்பது கோபுரங்கள் கொண்ட, 103.5 மெகாவாட் காற்றாலை 2020இல் எழுந்தது. அதன் பாதைகளும் மேடைகளும் மழைநீரின் வழியை மறிக்கின்றன என்று மக்கள் முறையிட்டனர். மேலும் காற்றாலைகள் வேண்டாம், கனிய மணல் அகழ்வு வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். அப்போராட்டம் நியாயமானது. எமது நிலத்தின் விதியைக் கொழும்பு தனித்து எழுதலாகாது என்ற கோரிக்கையில் நாம் இம்மியும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால், காற்றாலை மேடை நீரை மறிக்கும் என்று வாதிடும் நாம், எமது கடைத்தொகுதியின் மதில் மட்டும் மறிக்காது என்று எந்த நீதிமன்றத்தில் வாதிடுவோம்?

நீதிமன்றம் ஏற்கெனவே வழி காட்டியுள்ளது. 2000ஆம் ஆண்டு எப்பாவலப் பொஸ்பேற் வழக்கில், அந்த ஊர் மக்களின் மனுவை ஏற்ற உயர் நீதிமன்றம், இயற்கை வளத்துக்கு அரசு உரிமையாளன் அன்று, மக்களுக்காக அதனைக் காக்கும் பொறுப்பாளன் என்னும் கொள்கையை வலியுறுத்தியது. 2019இல் சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கில், நீரைக் கெடுத்த மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அரசுக்கு அந்தப் பொறுப்பு உண்டெனில், அரசின் ஓர் அங்கமாகிய நகர சபைக்கும் அது உண்டு.

2023 மார்ச்சிலிருந்து எமது சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. அப்போது சாட்டுச் சொல்ல இடமிருந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின் அந்தச் சாட்டும் போயிற்று. மன்னார் நகர சபையும் பிரதேச சபையும் ஒன்றாக அமர்ந்து நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும்.

முதலாவது, தீவின் தாழ்நிலங்களையும் நீர்வழிகளையும் அளந்து, தமிழில் வரைபடம் வெளியிட்டு, அங்கே நிரப்ப அனுமதி மறுக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கட்டட அனுமதியிலும் அந்த வளவின் மழைநீர் அந்த வளவிலேயே இறங்கத் திறந்த மண் விடுவதையும், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தையும் நிபந்தனையாக்க வேண்டும். மூன்றாவது, ஆண்டில் எத்தனை ஏக்கர் நிரப்பப்பட்டது, அதற்கான மண் எங்கிருந்து வந்தது என்ற மொத்தக் கணக்கைப் பகிரங்கப்படுத்த வேண்டும். நான்காவது, வேறு போக்கிடமின்றிப் பள்ளத்தில் வாழும் ஏழைகளுக்கு மேட்டுநிலம் கேட்டு அரசுடன் போராட வேண்டும். சட்டத்தின் பாரம் அவர்கள் முதுகில் மட்டும் விழலாகாது.

நில அளவையாளரும் பொறியியலாளரும் வழக்கறிஞரும் அந்த வரைபடத்துக்குத் தம் உழைப்பைத் தரட்டும். குளக்கரையில் இரவில் வந்து நிற்கும் டிப்பரை விவசாயிகள் மறித்துப் பத்திரம் கேட்கட்டும். தன் மதிலில் நீருக்கு வழிவிட மறுக்கும் செல்வந்தர் எக்கட்சியினராயினும், எம் கட்சியினராயினும், அவருக்கு அனுமதி இல்லை என்று சொல்லும் துணிவு சபைக்கு வரட்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்றனர் முன்னோர். மன்னாரில் அணை கோல வேண்டியதில்லை. நாம் கோலியவற்றைத் திறந்துவிட்டாற் போதும். அதிகாரம் கேட்கும் மக்கள், கையிலுள்ள அதிகாரத்தை நேர்மையாகப் பயன்படுத்திக் காட்டுவதே அக்கோரிக்கைக்கு வலிமையான சான்றாகும். அடுத்த ஐப்பசிக்கு முன் அதனைக் காட்டுவோம்.