ஆர்.ஒய்.பி.யும் ராஜகோபுரமும்



"டிப்ளமா படிக்கிறவனுக்கு ஓவியம் எதுக்குடா?" என்று கேட்பவர்கள் நம் விடுதியிலேயே உண்டு. எலக்ட்ரிக்கல் நண்பனைக் கேளுங்கள். மூன்று ஃபேஸுக்கும் நாம் பழகிய நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம். ஓவியர்கள் நெடுங்காலமாக அடிப்படை நிறங்கள் என்று சொல்வதும் இதே மூன்றைத்தான்! எலக்ட்ரானிக்ஸ்காரன் ரெசிஸ்டரைப் படிப்பதும் நிறத்தை வைத்துத்தான். ஆக, நிறம் நமக்கு அந்நியமல்ல. அதைப் பற்றி யோசிப்பதுதான் அந்நியம்.

நிறம் தனிக்குடித்தனம் நடத்துவதில்லை. பாரிஸ் கோப்லன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியல் அறிஞர் செவ்ரெல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார. குறை சாயத்தில் இல்லை, பக்கத்திலிருந்த நிறங்களில் இருந்தது! 1839-ல் இதை நூலாகவே எழுதினார். பின்னால் வந்த ஓவியர் ஸெரா, நிறங்களைக் குழைக்காமல் புள்ளி புள்ளியாக அருகருகே வைத்து, கலக்கும் வேலையை நம் கண்ணிடமே விட்டுவிட்டார்.

இந்தப் பாடத்துக்கு பாரிஸ் போக வேண்டாம், ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் போதும். 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தில் வண்ணம் கொட்டிக் கிடக்கிறது. கிழக்கே வெள்ளை கோபுரத்தில் வண்ணமே இல்லை. ஆனால் வெயில் சாயும்போது பாருங்கள், நிழலே அங்கே வண்ணமாக வேலை செய்யும்.

"நவீன ஓவியம்னா கிறுக்கல்" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஆதிமூலம். 1938-ல் நம் பக்கத்தில் பிறந்தவர். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி கறுப்புக் கோடுகளாலேயே காந்தியை விதவிதமாக வரைந்தார். அந்தக் கோட்டுப் பயிற்சிக்குப் பிறகுதான் உருவமற்ற வண்ண நிலக்காட்சிகளுக்கு வந்தார். கோடு தெரியாமல் கிறுக்கியவர் அல்ல. டிராயிங் ஹாலில் மாய்கிற நமக்கு இது புரியாதா என்ன?

இன்று ஃப்ளெக்ஸ் வந்து, தூரிகை பிடித்த போர்டு ஓவியர்களின் பிழைப்பைப் பறித்துவிட்டது. நாமும் வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்தை அடித்து, "ஏன்டா தெரியலை?" என்கிறோம். எப்படித் தெரியும்? இரண்டும் வெளிர் நிறம்!

எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழா மேடைத் திரையை ஃப்ளெக்ஸில் அடிக்காதீர்கள். ஊரில் உள்ள ஒரு போர்டு ஓவியரைக் கூலி கொடுத்து அழையுங்கள். அவர் சொல்லித் தரட்டும், நாம் தீட்டுவோம். கோணலாக வந்தாலும் நம்முடையதாக இருக்கும்.