தொடத் தயங்கிய கைகள்

அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் காலை நேரத்தில் தறிச் சத்தம் ஓயாது. அன்று ஓய்ந்தது. காய்கறி வாங்கித் திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா, வாசலுக்குப் பத்தடி முன்னால் சரிந்து விழுந்துவிட்டார். தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்த ஆண்கள் வட்டமாக நின்றார்கள். "யாராச்சும் பொம்பளைங்க வாங்க" என்று ஒருவர் கத்தினார். நான்தான் முதலில் போனேன். போய் என்ன செய்தேன் தெரியுமா? விலகியிருந்த அவர் மாராப்பை இழுத்துச் சரிசெய்தேன். முழங்கால்வரை ஏறியிருந்த சேலையை இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் முகத்தில் தண்ணீர் தெளித்தேன்.

108 வண்டி வந்தது. இறங்கிய இளைஞர் நாடியைப் பார்த்தார். மறுநொடி மார்பின் நடுவில் கைவைத்து அழுத்தத் தொடங்கினார். அன்று அந்த உடலை உயிருள்ள உடலாக எண்ணித் தொட்ட முதல் கை அதுதான். அதற்குள் காலம் கடந்திருந்தது.

விழுந்ததுமே அழுத்தியிருந்தால் அக்கா பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இதயம் நின்றபின், சிபிஆர் என்கிற மார்பழுத்த முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்கிறது அவசர மருத்துவம். அந்த நிமிடங்களை நாங்கள் அவருடைய மானத்தைக் காப்பதில் செலவழித்தோம். பெண்ணியம் பேசுகிற, கவிதை எழுதுகிற நானும் சேர்ந்துதான்.

இதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதயம் நின்று விழுந்த 19,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானது. பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அருகிலிருந்தவர்கள் சிபிஆர் செய்திருக்கிறார்கள். பெண்களில் 39 சதவீதம் பேருக்குத்தான். வீட்டுக்குள் விழுந்தவர்களிடம் இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. தெருவுக்கு வந்ததும்தான் அவள் உயிர் பின்னுக்குப் போய், அவள் பெண் என்பது முன்னுக்கு வருகிறது.

ஏன் தொடவில்லை? அமெரிக்கப் பொதுமக்களிடம் இதைக் கேட்ட ஆய்வொன்று 2019இல் வந்தது. பாலியல் புகார் வந்துவிடுமோ என்ற பயம், பெண்ணுடல் மெல்லியது, எலும்பு முறிந்துவிடும் என்ற எண்ணம், பெண்கள் எதையும் மிகைப்படுத்துவார்கள் என்ற நினைப்பு ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்களில் சில. கடைசிக் காரணத்தை நம் ஊரில் மொழிபெயர்க்கவே வேண்டாம். "நடிக்கிறா", "வாயுப் பிடிப்பா இருக்கும்", "சாமி வந்திருக்கு". நெஞ்சுவலி என்று பெண் சொன்னால் நாம் கேட்டுப் பழகிய பதில்கள் இவை.

இந்த நாகரிகத்தை நான் நம்பத் தயாரில்லை. கூட்டமான டவுன் பஸ்ஸில் எங்களைத் தொடும் கைகள் ஒருநாளும் தயங்கியதில்லை. தொடக்கூடாத இடத்தில் அத்துமீறும் சமூகம், தொட்டே ஆகவேண்டிய இடத்தில் பண்பாடு பேசுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: பெண்ணின் மார்பைக் காமப் பொருளாக மட்டும் பார்க்கத் தெரிந்திருப்பது. அதற்கடியில் ஒரு இதயம் இருக்கிறது என்பதை மறந்துபோவது.

பயிற்சியிலும் இதே மறதிதான். உலகச் சந்தையில் உள்ள 20 வகை சிபிஆர் பயிற்சிப் பொம்மைகளை ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வு 2024இல் வெளிவந்தது. அவற்றில் 19 பொம்மைகளுக்குத் தட்டை மார்பு. ஒன்றுக்கு மட்டுமே பெண் மார்பு. ஒரு கல்லூரியில் நடந்த முதலுதவிப் பயிற்சியில் நானும் உட்கார்ந்திருந்தேன். "சார், சேலை கட்டியிருந்தா மாராப்பை என்ன பண்றது?" என்று ஒரு மாணவி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பதில் வரவில்லை. அன்றைக்குக் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

பதிலை நான் சொல்கிறேன். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லையென்றால் 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். தடுக்கிற துணியை விலக்குங்கள். இரு மார்புகளுக்கும் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கைமேல் மறு கை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்துங்கள். பெண்ணுக்கும் இடம் அதேதான், வேகமும் அதேதான். சட்டத்தை நினைத்துத் தயங்குகிற ஆண்களுக்கு: ஒப்புதல் தர இயலாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமல்ல என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவும் அதையே சொன்னது.

மாணவிகளே, உங்கள் கல்லூரியில் அடுத்த முறை பயிற்சி நடக்கும்போது அந்தப் பொம்மைக்குத் துணியைச் சுருட்டி மார்பு வையுங்கள். சேலையும் கட்டுங்கள், சுடிதாரும் துப்பட்டாவும் போடுங்கள். மாணவர்களையும் அதன்மேல் பழகச் சொல்லுங்கள். சிரிப்பவர்கள் முதல்நாள் சிரிக்கட்டும். பழகப் பழக நின்றுவிடும்.

வீட்டிலும் ஒரு பேச்சு பேசிவிடுங்கள். நான் பேசிவிட்டேன். என் மகனிடமும், தெருமுனைத் தறிக்காரரிடமும், வகுப்பில் என் மாணவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்: "நான் விழுந்தா சேலையைப் பார்க்காதீங்க. நெஞ்சுல கை வைங்க."