பங்காளி என்று சொல்லிக் கைகழுவுவதா?

தோட்டக் கூட்டங்களில் கம்பனிக்காரர்கள் புதுப்பாடம் நடத்துகிறார்கள். "நீங்கள் இனித் தொழிலாளி அல்ல, பங்காளி. பழைய மனப்போக்கை விடுங்கள்" என்கிறார்கள். நாட்சம்பளத்தை நிறுத்தி, குடும்பத்துக்கு இத்தனை செடி என்று மலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு தருவதற்குத்தான் இந்த அழகான பெயர். கேள்வி கேட்டவர் 'மாற்றத்தை எதிர்ப்பவர்' ஆகிவிடுகிறார். மறுநாள் பெரட்டில் அவருக்குக் கொழுந்தே இல்லாத மலை.

தோழர்களே, நாம் மாற்றத்துக்கு எதிரிகளா? கையால் கொய்த இடத்தில் கத்தரி வந்தது, பிடித்தோம். மின்தராசு வந்தது, நல்லது என்றோம். (சாக்குக்கும் ஈரத்துக்கும் கிலோ வெட்டுகிற பழக்கம் மட்டும் ஏனோ மாறவில்லை.) 2021இல் சம்பளச் சபை 1000 ரூபாவை நிர்ணயித்தபோது நீதிமன்றம் போனது யார்? கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது யார்? உட்கார்ந்து பேசித் தீர்க்கும் பழக்கத்தைக் கைவிட்டவர்கள் நமக்குப் பழக்கவழக்கம் சொல்லித் தருகிறார்கள்.

செக்ரோலில் பேர் உள்ளவருக்குச் சேமலாப நிதிக்காக 8 வீதம் பிடித்தால், கம்பனி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், அது முழுக்கக் கம்பனியின் பணம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் கொழுந்து எடுத்த அக்காவுக்கு 420 நாள். நாட்சம்பளம் 1350 ரூபா என்று வைத்தாலும் 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. பேரை வெட்டிப் பங்காளி ஆக்கிவிட்டால் இனிவரும் வருடங்களுக்கு இதையெல்லாம் யார் கட்டுவது? பிரசவக்காலச் சம்பளம் யார் தருவது?

நல்ல மலை கிடைத்த சில குடும்பங்கள் கூடுதலாக உழைத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் உழைப்பும், கால் வலியோடு புல்லு வெட்டிய தாத்தாவின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. அதற்குத் தனிப்பேர் உண்டா?

நட்டம் வந்தால்? 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள், விளைச்சல் விழுந்தது. அன்று நாம் கிலோக் கணக்குப் பங்காளிகளாக இருந்திருந்தால் அடுப்பு எரிந்திருக்குமா? நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, கொழுந்துக்கு விலை சொல்வதும் அவர்களே. மழையும் வெயிலும் மட்டும் நம் பங்கு. இது என்ன பங்கு?

பத்திரத்தை நீட்டினால் அவசரப்பட்டுக் கையொப்பம் வைக்க வேண்டாம். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். சேமலாப நிதி, பணிக்கொடை, கிலோவுக்கு விலை, உரச்செலவு, விலகினால் திரும்பவும் பேர் உண்டா என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பிரதியை எடுத்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். ஏற்கெனவே கையொப்பம் வைத்தவர்களும் தயங்காமல், பழைய சம்பளச் சீட்டுகளோடு மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள்.