இன்னாலில்லாஹி போட்டாச்சு, பிறகு?



ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு மௌத் செய்தி வருகிறது. ஐந்து நிமிடத்தில் நாற்பது இன்னாலில்லாஹி. பாதி, மேலே ஒருவர் போட்டதை அப்படியே எடுத்து ஒட்டியது. நடுவில் ஒரு அபாயா விளம்பரம், தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், யாரோ குழு மாறிப் போட்ட வொய்ஸ். மஃரிபுக்குள் அந்தச் செய்தி எங்கேயோ மேலே போய்விடும்.

குழுக்களைக் குறை சொல்ல வரவில்லை. முன்பு பள்ளி ஸ்பீக்கரில் சொன்னால் ஊருக்குள் மட்டும்தான் கேட்கும். இன்று கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் உடனே அறிந்து துஆ செய்கிறார்கள். அவர்களால் வர முடியாது. நான் கேட்பது நாலு வீடு தள்ளி இருக்கிற எங்களைப் பற்றி. ஒரு வரி அனுப்பியதும் கடமை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் எனக்குப் பயம்.

2020 மறந்துவிட்டதா? கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கத் தொடங்கும்வரை எத்தனை குடும்பங்கள் துடித்தன. பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினோம், மற்றச் சமூகத்தவர்களும் வந்து கட்டினார்கள். ஒரு ஜனாஸாவுக்காக அப்படி அழுத சமூகம் இது. இன்று போக எந்தத் தடையும் இல்லை.

சரி, ஜனாஸாவுக்காவது ஆண்கள் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு? கணவன் மௌத்தான பெண்ணுக்கு இத்தா 4 மாதமும் 10 நாளும். வெளியே போகாமல் இருக்கிற அந்தக் காலத்தில்தான் அவவுக்கு ஆள் தேவை. வாப்பா மௌத்தாகி மூன்று கிழமை கழித்து வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளை சொன்னது: "டீச்சர், அண்டைக்கு வீடு நிறையச் சனம். இப்ப ஒருத்தரும் வாறல்ல. உம்மா போனையே பாத்துட்டு இருக்கா."

அந்தப் போனில் எங்கள் எல்லாருடைய ஆறுதல் செய்தியும் இருந்திருக்கும்.

மூத்தா போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவருடைய குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். எங்கள் ஊரில் மௌத்து வீட்டாரே சனத்துக்குச் சமைக்கிற கதையை இன்னொரு நாள் பேசுவோம்.

எங்கள் ஒழுங்கையில் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒன்று தொடங்கியிருக்கிறோம். இத்தா வீட்டுக்கு, ஆள் மாறி ஆள், அஸருக்குப் பிறகு போவது. கையில் கொஞ்சம் இடியப்பமோ கஞ்சியோ. போன் வீட்டில். பெரிதாக ஒன்றும் பேசத் தேவையில்லை, கரண்ட் பில் கட்டியாச்சா, மகன் டியூஷனுக்குப் போறானா என்று கேட்டாலே போதும். முதல் நாள் போன இடத்தில் அந்த ராத்தா ஒரு மணித்தியாலம் அவருடைய கதையையே சொன்னா. கலியாணத்துக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள் கதை கூட. அதை எந்தக் குழுவில் எழுதுவது?

உங்கள் ஒழுங்கையில் யாராவது பொறுப்பெடுக்க விரும்பினால் வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம். கொமென்டில் வேண்டாம்.